ஒரு லட்சம் டாலர் ஹெச்1பி கட்டணம்: வேலை யாருக்குப் போகிறது?

(பெங்களூர்த் தமிழர் சிலரின் உரையாடல். ஒவ்வொரு பதிவின் தலையிலும் இருப்பது பேசுபவரின் புனைபெயர்.)

சிவாஜிநகர் | 2026 ஜனவரி 4, ஞாயிறு

அமெரிக்க வேலை விசாவான ஹெச்1பி-க்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் போட்டாச்சு. இனி அமெரிக்கக் கம்பெனி அமெரிக்கனைத்தான் எடுக்கும், அங்க இருக்கிற நம்ம ஆளுங்க திரும்பி வருவாங்க, இங்க ரிங் ரோடு கம்பெனியில புதுசா சேர வேண்டிய பசங்களுக்கு வேலை இருக்காது. டீக்கடையில இருந்து டிவி வரைக்கும் இதையேதான் சொல்றாங்க. தப்புன்னா விவரமா சொல்லுங்க. உணர்ச்சி வேண்டாம், கணக்கு வேணும்.

அல்சூர் ஏரிக்கரை | ஜனவரி 4, இரவு

மூன்றையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். முதலில் கட்டணம் யாருக்கு என்று பார்க்கலாம்.

2025 செப்டம்பர் 19 அன்று வந்தது ஜனாதிபதியின் அறிவிப்பு. சட்டத் திருத்தம் இல்லை. செப்டம்பர் 21 அதிகாலை 12.01க்குப் பிறகு தாக்கலாகும் புதிய மனுக்களுக்குப் பொருந்தும், ஆயுள் 12 மாதம், நீட்டிக்கலாம். அக்டோபர் 20 அன்று குடியேற்றத் துறை விளக்கம் கொடுத்தது. அதன்படி, ஆள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்து கையில் செல்லுபடியாகும் ஹெச்1பி விசாவும் இல்லை என்றால் கட்ட வேண்டும். உள்ளே மாணவர் விசாவில் இருப்பவர் அங்கிருந்தபடியே ஹெச்1பிக்கு மாறினால் கட்ட வேண்டாம். நீட்டிப்புக்கும், உள்ளேயே கம்பெனி மாறுவதற்கும் வேண்டாம்.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உள்ளேயே மாறும் மனு நிலுவையில் இருக்கும்போது அவசரம் என்று ஊருக்கு விமானம் ஏறினால் அந்த நிலைமாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும். பிறகு மனு அங்கீகாரமானாலும் அது வெளிநாட்டில் இருப்பவர் கணக்கு, கட்டணம் வந்து உட்காரும். அங்கீகாரம் கிடைத்த பிறகு கிளம்பி ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் விசா முத்திரை) வாங்கித் திரும்பினால் பிரச்சினை இல்லை.

ஆக, அடி விழுவது கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. பெங்களூரிலிருந்து புதிதாகப் போக நினைப்பவருக்கு. இந்தக் கட்டணத்தால் ஆட்கள் திரும்பி வந்து குவிவார்கள் என்பது நடக்காது, போகிறவர்கள் குறைவார்கள். இரண்டும் வேறு.

கே.ஜி.எஃப். ரயில் | ஜனவரி 4, இரவு

ஒரு லட்சம் டாலர்னா கிட்டத்தட்ட 90 லட்சம் ரூபா. கே.ஆர்.புரம் பக்கம் ரெண்டு பெட்ரூம் வீடு. அதைக் கொடுத்து ஒரு ஆளை வரவழைக்கணும்னா அவன் என்ன கோடு எழுதணும் சாமி?

ஒயிட்ஃபீல்ட் ஓரம் | ஜனவரி 5

இதுக்கு முன்னாடி எவ்வளவு ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான் அந்த லட்சத்தோட கனம் புரியும். லாட்டரிப் பதிவு (இடத்தைவிட ஆள் அதிகம்கிறதால குலுக்கல்) 215 டாலர் (2024 வரைக்கும் வெறும் 10). மனுவுக்கு 780, பயிற்சி நிதி 1,500 (25 பேருக்கு மேல இருந்தா, இல்லைன்னா 750), மோசடித் தடுப்பு 500, புகலிடத் திட்டக் கட்டணம் 600. பெரிய கம்பெனிக்கு மொத்தம் 3,595. 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்து, பாதிக்கு மேல ஹெச்1பி, எல்1 (கம்பெனிக்குள்ளயே இடம் மாறி வர்றவங்க விசா) ஆளா இருந்தா இன்னும் 4,000. 15 வேலை நாள்ல பதில் வேணும்னா பிரீமியம் 2,805, 2026 மார்ச் 1ல இருந்து 2,965. வக்கீல் ஃபீஸ் தனி. ஏழெட்டாயிரம், மிஞ்சிப் போனா பன்னிரண்டாயிரத்துல முடிஞ்ச வேலை.

இதுல ஊழியர் தலையில கட்ட முடியாத காசு எதுன்னு பலருக்குத் தெரியாது. பயிற்சி நிதி 1,500ஐ எந்த ரூபத்துலயும் அவர்கிட்ட வாங்கக் கூடாது, சட்டமே சொல்லுது. மனுக் கட்டணமும் வக்கீல் ஃபீஸும் கம்பெனியோட தொழில் செலவு. அதைப் பிடிச்சு சம்பளம் எல்.சி.ஏ.வுல (தொழிலாளர் துறைக்குக் கம்பெனி கொடுக்கற உறுதிமொழி விண்ணப்பம்) சொன்ன அளவுக்குக் கீழ போனா சம்பளப் பாக்கி கேஸ். இந்தப் பக்கம் நம்மூர் கன்சல்டன்சி "நீயே கட்டு, சம்பளத்துல திரும்பத் தர்றோம்"னு ஆரம்பிச்சா அதோட பேச்சை முடிச்சிடுங்க.

சிவாஜிநகர் | ஜனவரி 5

சரி. ஆனா அமெரிக்கன் கிடைக்கலைன்னு நிரூபிச்சாத்தானே ஹெச்1பி தர்றாங்க? அப்புறம் எப்படி உள்ளூர்க்காரன் வேலை போச்சுன்னு கத்துறாங்க?

அல்சூர் ஏரிக்கரை | ஜனவரி 6

இந்த நம்பிக்கைதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். சாதாரணக் கம்பெனி ஹெச்1பிக்கு அமெரிக்கரைத் தேட வேண்டியதே இல்லை. விளம்பரம் கொடுக்க வேண்டாம், நேர்காணல் நடத்த வேண்டாம், "தகுதியான ஆள் வந்தார், நிராகரித்தோம்" என்று விளக்கவும் வேண்டாம்.

எல்.சி.ஏ. என்ற விண்ணப்பத்தில் நான்கு உறுதிமொழி மட்டும். ஒன்று சம்பளம்: அந்த ஊரில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளம், அதே வேலையை உங்களிடம் செய்பவர்களுக்குத் தரும் சம்பளம், இரண்டில் எது அதிகமோ அது. இரண்டு, மற்றவர்களின் வேலைச்சூழல் கெடக் கூடாது. மூன்று, வேலைநிறுத்தமோ கதவடைப்போ இல்லை. நான்கு, வேலையிடத்தில் இரண்டு இடங்களில் 10 நாள் அறிவிப்பு. தொழிலாளர் துறை 7 வேலை நாளில் சான்றளிக்க வேண்டும். அவர்கள் பார்ப்பது காலி இடம் விட்டிருக்கிறதா, கண்ணுக்குத் தெரிகிற பிழை இருக்கிறதா, அவ்வளவுதான். உண்மையா பொய்யா என்ற சோதனை புகார் வந்த பிறகுதான். புகாரும் 12 மாதத்துக்குள் வர வேண்டும்.

ஆட்களைத் தேடும் கடமை "ஹெச்1பி சார்ந்த" கம்பெனிக்கு உண்டு. 51 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 15 சதவீதம் ஹெச்1பி என்பது வரம்பு. அவர்கள் உள்ளூர்க்காரரைத் தேடினோம், யாரையும் இடம் பெயர்க்கவில்லை என்று கூடுதலாக உறுதி சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆளுக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் கொடுத்தாலோ, தொடர்புடைய முதுகலைப் பட்டம் இருந்தாலோ அந்தக் கடமையும் கிடையாது. அந்த 60,000 எழுதப்பட்டது 1998ல். இன்று வரை ஒரு டாலர் கூட ஏற்றவில்லை. 1998ல் அது நல்ல சம்பளம். இப்போது பெரிய நகரங்களில் மென்பொருள் வேலைக்கு அதைவிடக் கீழே எல்.சி.ஏ. போடுவது பெரும்பாலும் முடியாது. அதனால் விதி ஏட்டில் இருக்கிறது, அதில் சிக்குபவர் அரிது.

சட்டம் காப்பது வேலையின் விலையை மட்டும்தான். அந்த விலை சரியாக வைக்கப்பட்டால் உள்ளூர்க்காரர் தப்புவார், குறைவாக வைக்கப்பட்டால் மாட்டுவார். மற்றதெல்லாம் மேடைப் பேச்சு.

கே.ஜி.எஃப். ரயில் | ஜனவரி 6

டிஸ்னியில வேலையை விட்டுப் போறவங்களையே புது ஆளுக்கு டிரெய்னிங் கொடுக்க வெச்சாங்களே, அது எப்படி செல்லுபடியாச்சு?

அல்சூர் ஏரிக்கரை | ஜனவரி 6

ஆர்லாண்டோவில் சுமார் 250 பேர், 2014 இறுதியில் அறிவிப்பு. ஆட்குறைப்புச் செய்தது ஒரு கம்பெனி, ஹெச்1பி மனுப் போட்டது வேறு கம்பெனி, அதாவது ஒப்பந்ததாரர். மனுப் போட்டவர் தன் ஊழியர் யாரையும் நீக்கவில்லை. வாடிக்கையாளர் இடத்தில் இடம்பெயர்ப்பு கூடாது என்ற விதி இருக்கிறது, ஆனால் அதுவும் மேலே சொன்ன 60,000 விலக்கில் ஆவியாகிவிடும். வழக்குகள் 2016ல் தள்ளுபடி. சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் மின் நிறுவன விவகாரமும் இதே அமைப்புதான். சட்டத்தை மீறாமலே அது நடந்தது என்பதுதான் அங்கே கோபத்துக்குக் காரணம். அந்தக் கோபம் நியாயமானது. நம்மில் சிலர் அதை வெறும் இனவெறி என்று ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை.

ஒயிட்ஃபீல்ட் ஓரம் | ஜனவரி 8

விலைன்னு சொன்னீங்களே, அதோட இயந்திரம் இதுதான். நிலவும் சம்பளத்துக்கு நாலு லெவல். ஒரு ஊர்ல அந்த வேலை செய்யற 100 பேரைச் சம்பள வரிசையில நிக்க வெச்சா, லெவல் 1 கீழ இருந்து 17வது ஆள் வாங்கறது, லெவல் 2 34வது, லெவல் 3 சரியா நடு, லெவல் 4 67வது. நாலுல ரெண்டு லெவல் நடுவுக்குக் கீழ இருக்கு. 2021 ஜனவரியில இதை 35, 53, 72, 90ன்னு தூக்க ஒரு விதி வந்து கோர்ட்டுல விழுந்துச்சு.

லெவல் ஆளைப் பார்த்து இல்லை, வேலை விவரத்தைப் பார்த்து. எட்டு வருஷ அனுபவம் உள்ளவரையும் "டிகிரியும் ஒரு வருஷ அனுபவமும் போதும்"னு எழுதின வேலையில போட்டா லெவல் 1 தான் வரும். அடுத்த விளையாட்டு வேலைக் குறியீடு. டெவலப்பர் குறியீட்டுக்குப் பதிலா சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் போட்டா பல ஊர்ல தொகை இறங்கும். மூணாவது ஊர். சான் ஹோசேயில லெவல் 1க்குக் கூடப் பத்தாத சம்பளம் சின்ன ஊர்ல லெவல் 3 ஆகும்.

இப்ப புது விதி, பிப்ரவரி 27ல இருந்து: லாட்டரியில லெவல் 4 சீட்டு நாலு தடவை போடுவாங்க, லெவல் 3 மூணு, லெவல் 2 ரெண்டு, லெவல் 1 ஒண்ணு. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையோட சொந்த மதிப்பீட்டுல, முன்னாடி எல்லாருக்கும் 30 சதவீதம் பக்கம் இருந்த வாய்ப்பு லெவல் 1க்கு 15 ஆகுது, லெவல் 4க்கு 61. லெவல் 2க்கு ஏறக்குறைய பழைய அளவு.

கே.ஜி.எஃப். ரயில் | ஜனவரி 8

ரேஷன் கடையில ஒரே ஆளு நாலு கார்டு வெச்சிருந்தா பிடிச்சு உள்ள போடுவாங்க. இங்க சம்பளம் ஜாஸ்தின்னா கவர்மென்ட்டே நாலு கார்டு கொடுக்குது.

அல்சூர் ஏரிக்கரை | ஜனவரி 9

இரண்டு சேர்க்கை. ஒரே ஆளுக்கு இரண்டு கம்பெனி பதிந்து, ஒன்று லெவல் 3, இன்னொன்று லெவல் 1 என்றால் கணக்கில் எடுப்பது கீழ் லெவலை. "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு கம்பெனியில் சின்னச் சம்பளத்துக்குப் பதிந்து வைப்பது இனி தலையில் மண் போட்டுக்கொள்வது. வேலையிடம் இரண்டு ஊர் என்றாலும் கீழே இருக்கும் லெவல்தான்.

அடுத்து, 85,000 இடம் என்று எல்லோரும் சொல்கிறோம். 65,000 பொது, 20,000 அமெரிக்க முதுகலைக்காரருக்கு. பொதுவில் 6,800ஐச் சிலி, சிங்கப்பூர் ஒப்பந்தத்துக்கு எடுத்து வைக்கிறார்கள். பல்கலைக்கழகமும் அதைச் சார்ந்த ஆய்வு நிறுவனமும் இந்த வரம்புக்குள்ளேயே வராது. 2001 முதல் 2003 வரை வரம்பு 1,95,000 ஆக இருந்தது, 2004ல் 65,000க்கு விழுந்தது. இந்த வீழ்ச்சியை நினைவில் வையுங்கள், பொருளாதார ஆய்வுகளுக்கு அதுதான் பரிசோதனைக் கூடம்.

ஜெயநகர் நாலாவது பிளாக் | ஜனவரி 11, ஞாயிறு

ஆய்வு என்றதும் இறங்கிவிட்டேன். "ஆய்வுகள் முரண்படுகின்றன" என்பார்கள். முரண் குறைவு, அவை வெவ்வேறு அளவில் பார்க்கின்றன.

ஜியோவானி பெரி, கெவின் ஷி, சாட் ஸ்பார்பர் மூவரும் நகரத்தை அலகாக எடுத்தார்கள். 1990 முதல் 2010 வரை 219 நகரங்கள். வெளிநாட்டு அறிவியல், தொழில்நுட்ப ஊழியர் கூடிய நகரங்களில் உள்ளூர்ப் பட்டதாரிகளின் சம்பளமும் கூடியது. பட்டம் இல்லாதவர்களுக்கும் கொஞ்சம் கூடியது. எல்லாத் துறையையும் சேர்த்த கணக்கு இது.

ஜான் பவுண்ட், கௌரவ் கன்னா, நிக்கோலஸ் மொராலஸ் மூவரும் கம்ப்யூட்டர் துறையை மட்டும் எடுத்தார்கள். 1990களின் குடியேற்றம் இல்லாதிருந்தால், 2001ல் அத்துறை அமெரிக்கர்களின் சம்பளம் 2.6 முதல் 5.1 சதவீதம் அதிகமாகவும், அவர்களின் எண்ணிக்கை 6.1 முதல் 10.8 சதவீதம் அதிகமாகவும் இருந்திருக்கும் என்பது அவர்களின் மாதிரி. அதே மாதிரியில் நுகர்வோருக்கும் முதலாளிக்கும் லாபம்.

கிர்க் டோரன், அலெக்சாண்டர் கெல்பர், ஆடம் ஐசன் கம்பெனியை எடுத்தார்கள். லாட்டரியில் வென்ற கம்பெனியும் தோற்ற கம்பெனியும். வென்ற கம்பெனியில் மற்ற ஊழியர் அந்த அளவுக்குக் குறைந்தார்கள், காப்புரிமை கூடவில்லை. ஒரு எச்சரிக்கை: 2006, 2007 நிதியாண்டுகளில் லாட்டரி கடைசி நாள் வந்த மனுக்களுக்கு மட்டும்தான். முந்திக்கொண்ட பெரிய கம்பெனிகள் அதில் குறைவு.

ஊர் முழுவதும் லாபம், துறைக்காரருக்குக் கொஞ்சம் நஷ்டம், ஒரு தனிக் கம்பெனிக்குள் ஆளுக்கு ஆள் மாற்று. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அமெரிக்க புரோகிராமரிடம் போய் "நகரச் சராசரி ஏறியது" என்றால் அவர் ஏன் சந்தோஷப்பட வேண்டும்?

சிவாஜிநகர் கேட்டதற்கு நேர்ப் பதில் பிரிட்டா கிளெனன் ஆய்வில் இருக்கிறது. 2004ல் வரம்பு விழுந்ததும் பன்னாட்டுக் கம்பெனிகள் என்ன செய்தன? வெளிநாட்டுக் கிளைகளில் ஆள் கூட்டின. கூடுதலாகப் போனது கனடா, இந்தியா, சீனா. மறுக்கப்பட்ட ஒவ்வொரு விசாவுக்கும் சராசரியாக 0.3 வேலை வெளியே போனது. உலகம் முழுக்கக் கால் பரப்பிய கம்பெனிகளில் 0.9. அதாவது ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று.

சிவாஜிநகர் | ஜனவரி 11

அப்ப கட்டணம் போட்டது பெங்களூருக்கு நல்லதுங்கிறீங்க?

ஜெயநகர் நாலாவது பிளாக் | ஜனவரி 11

பெங்களூரின் எந்த ஆளுக்கு என்று கேளுங்கள்.

ஒயிட்ஃபீல்ட் ஓரம் | ஜனவரி 13

அதுக்கு நான் வர்றேன். ஐ.டி. துறைச் சங்கமான நாஸ்காம், ஆலோசனை நிறுவனமான ஜின்னோவ் கணக்குப்படி 2024ல இந்தியாவுல 1,700க்கு மேல ஜி.சி.சி. (பன்னாட்டுக் கம்பெனிகளோட சொந்த மையம்), 19 லட்சம் பேர். அதுல பெரிய பங்கு பெங்களூர்ல. கர்நாடகா 2024ல இதுக்குன்னே தனிக் கொள்கை போட்டு, 2029க்குள்ள இன்னும் 500 மையம், மூணரை லட்சம் வேலைன்னு இலக்கு வெச்சது. வேலை வருது, சந்தேகமே வேண்டாம். எது வருதுன்னு பாருங்க.

விசா கிடைக்காத சீட்டு, அதாவது வேலை இடம், அப்படியே இங்க இறங்காது. மேனேஜர் முதல்ல பார்க்கறது நேரம். குளிர்காலத்துல நமக்கும் நியூயார்க்குக்கும் பத்தரை மணி நேரம், கலிஃபோர்னியாவுக்குப் பதிமூணரை. கிழக்குக் கரையோட சேர்ந்து வேலை செய்யற டீமுக்கு இங்க ராத்திரி ஏழரைல இருந்து பத்தரை வரைக்கும் மீட்டிங் கால், சமாளிக்கலாம். மேற்குக் கரையோட நாள் முழுக்க உட்காரணும்னா அந்த சீட்டு வான்கூவருக்கோ மெக்ஸிகோவுக்கோ போயிடும். ஒரு புராடக்டை முழுசா ஒப்படைக்க முடிஞ்சா மட்டும் இங்க வரும். அப்படி வரும்போது தேவைப்படறது அந்த சிஸ்டம் தெரிஞ்ச ஏழெட்டு வருஷ அனுபவம் உள்ளவர். ஃப்ரெஷர் இல்லை.

ஃப்ரெஷரைக் கும்பலா எடுத்து, மைசூர்லயோ சென்னையிலயோ டிரெய்னிங் கொடுத்து, பெஞ்ச்ல (புராஜெக்ட் கிடைக்கற வரைக்கும் சும்மா) உட்கார வெச்சு, வாடிக்கையாளர்கிட்ட பில் ஆகற இடத்துக்கு அனுப்பினது சர்வீஸ் கம்பெனி. அந்தக் கணக்குல ஆன்சைட் (வாடிக்கையாளர் நாட்டுல இருக்கற) ஆளுதான் லாபம். ஒரு ஆன்சைட் ஆள் அங்க வாடிக்கையாளர் பக்கத்துல உட்கார்ந்து மூணு நாலு ஆஃப்ஷோர் (இந்தியாவுல இருந்தே செய்யற) சீட்டைப் பிடிச்சுக் கொடுப்பார். ஆன்சைட் சுருங்கினா அந்த ஆஃப்ஷோர் சீட்டும் ஆடும். ஆக ஒரே கட்டணம் ஜி.சி.சி. சீனியருக்கு நல்லது, சர்வீஸ் கம்பெனி ஃப்ரெஷருக்குக் கெடுதல். சிவாஜிநகர் பயப்படறதுல பாதி சரி, ஆனா காரணம் திரும்பி வர்ற ஆளுங்க இல்லை.

இன்னொண்ணு, வேலை வெளிய போறதையும் அங்க கவனிக்கறாங்க. 2025 செப்டம்பர்ல செனட்டர் பெர்னி மொரெனோ கொண்டு வந்த மசோதா, வெளிநாட்டுச் சேவைக்குக் கொடுக்கற பணத்துக்கு 25 சதவீதம் வரி போடச் சொல்லுது. மசோதாதான், சட்டம் இல்லை. ஆனா கதவை மூடினா ஜன்னல் வழியா போகும்னு அங்க ஒருத்தருக்காவது புரிஞ்சிருக்கு.

கே.ஜி.எஃப். ரயில் | ஜனவரி 14

பொங்கலும் அதுவுமா ஒரு வம்பு இழுக்கறேன். அமெரிக்கன் "என் வேலை"ன்னா நமக்குக் கோபம் வருது. 2024 ஜூலையில இங்க கர்நாடகத்துல உள்ளூர் ஒதுக்கீட்டு மசோதா வந்தப்ப நாம என்ன சொன்னோம்? மேனேஜ்மென்ட்ல 50, மத்ததுல 70 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு. எல்லாத் தமிழ் குரூப்பும் ரெண்டு நாள் தூங்கலை.

அல்சூர் ஏரிக்கரை | ஜனவரி 14

வம்பு இல்லை, இதே விஷயம்தான். அமைச்சரவை ஜூலை 15 அன்று ஒப்புதல் கொடுத்தது, நாஸ்காம் முதல் எல்லோரும் எதிர்த்ததும் 17 அன்று நிறுத்தி வைத்தார்கள். கோரிக்கை புதிதில்லை, கன்னடருக்கு வேலை ஒதுக்கச் சொன்ன 1980களின் சரோஜினி மகிஷி குழுவிலிருந்து வருவது.

உள்ளூர்க்காரர் என்பதற்கு மசோதாவின் இலக்கணம்: கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டு இங்கே வசித்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவர். பள்ளி இறுதிச் சான்றிதழில் கன்னடம் ஒரு மொழியாக இல்லை என்றால் தனியாகத் தேர்வு. போதிய ஆள் கிடைக்காத கம்பெனி விலக்குக் கேட்கலாம், ஆனால் மேனேஜ்மென்டில் 25, மற்றதில் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்க முடியாது. மீறினால் அபராதம் 10,000 முதல் 25,000 ரூபாய். ஒரு பெரிய கம்பெனிக்கு அது கேன்டீன் பில்.

இதைக் கோலார் தங்கவயலுக்கு, அதாவது கே.ஜி.எஃப்.புக்கு, பொருத்திப் பாருங்கள். 2001ல் சுரங்கம் மூடிய பிறகு மாரிக்குப்பம் ரயிலில் விடிகாலையில் பெங்களூருக்கு வருகிறவர்களில் பலர் மூன்றாவது நான்காவது தலைமுறை. பிறந்தது இங்கே, வசிப்பது இங்கே. தமிழ் வழியில் படித்த பழைய ஆட்கள் அந்தத் தேர்வு எழுதித்தான் தாங்கள் உள்ளூர் என்று நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும்.

சட்டத்தில் நிற்குமா என்பது வேறு. ஹரியானாவின் 75 சதவீதச் சட்டத்தை, மாதம் 30,000 ரூபாய் வரையுள்ள தனியார் வேலைகளுக்கானது, பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 17 அன்று ரத்து செய்தது. ஒரே நாட்டுக் குடிமக்களைப் பிரிப்பதும் இன்னொரு நாட்டார் வருவதை வரையறுப்பதும் சட்டப்படி ஒன்றல்ல. அமெரிக்காவுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. கர்நாடகத்துக்கு இருப்பது மிகச் சந்தேகம்.

கே.ஜி.எஃப். ரயில் | ஜனவரி 14

சட்டம் சரி. மனசு ஒண்ணுதானே?

ஜெயநகர் நாலாவது பிளாக் | ஜனவரி 15

மனசு ஒன்றாக இருக்கலாம், கருவி வேறு. சம்பளத் தரையை, அதாவது குறைந்தபட்சச் சம்பளத்தை, உயர்த்தினால் மலிவுக்காக ஆள் மாற்றுவது நிற்கும், திறமைக்காக எடுப்பது நடக்கும். பிறந்த ஊரைக் கேட்டால் திறமை, விலை இரண்டும் பின்னுக்குப் போகும். நம் நாடே வெளிநாட்டாருக்கு விலைக் கருவியைத்தான் வைத்திருக்கிறது. வேலை விசாவுக்கு ஆண்டு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம். அந்நாட்டுச் சமையல்காரர், ஆங்கிலம் தவிர்த்த மொழி ஆசிரியர் போன்ற சிலருக்கு விலக்கு. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவு.

ஒயிட்ஃபீல்ட் ஓரம் | ஜனவரி 17

சம்பளத் தரை மட்டும் போதாது. ஆளை ஒரே கம்பெனியோட கட்டிப் போடறதையும் கணக்குல சேர்க்கணும். வேலை போனா 60 நாள். அதுக்குள்ள வேற கம்பெனி மனுவைத் தாக்கல் பண்ணணும், அல்லது வேற விசாவுக்கு மாறணும், அல்லது பெட்டியைக் கட்டணும். கிரீன் கார்டுல வருஷத்துக்கு 1,40,000 வேலை இடம், எந்த நாட்டுக்கும் 7 சதவீதம்தான். இந்திய வரிசை அதனாலதான் நகரலை. ஹெச்1பியோட ஆறு வருஷ வரம்பு முடிஞ்சும் அங்கீகாரமான ஐ-140 (கம்பெனி போடற கிரீன் கார்டு மனு) கையில இருந்தா மூணு மூணு வருஷமா நீட்டலாம். ஆனா இப்படி நிக்கற ஆள் சம்பள உயர்வுக்காகக் குரலை உயர்த்த மாட்டார்னு முதலாளிக்குத் தெரியும். பக்கத்து சீட்டு அமெரிக்கனோட பேரமும் அதனால பலவீனமாகுது. உள்ளூர்க்காரனைக் காப்பாத்தணும்னா வந்தவனுக்கு முதலாளியை விட்டுப் போற சுதந்திரம் கொடுக்கறதுதான் குறுக்கு வழி. அதை அங்க எந்தக் கட்சியும் மேடையில சொல்லாது.

ஐ-140 அங்கீகாரமாகி 180 நாள் ஆயிடுச்சுன்னா பழைய கம்பெனி வாபஸ் வாங்கினாலும் முன்னுரிமைத் தேதியும் (கிரீன் கார்டு வரிசையில உங்க இடம்) நீட்டிப்பு உரிமையும் நிக்கும். கம்பெனி மாற நினைக்கறவங்க இந்த 180ஐ எண்ணிட்டு மாறுங்க.

அல்சூர் ஏரிக்கரை | ஜனவரி 17

கிரீன் கார்டு என்றதும் சேர்க்க வேண்டியது: அமெரிக்கரைத் தேடும் உண்மையான சோதனை அங்கேதான், பெர்ம் என்ற தொழிலாளர் துறைச் சான்றிதழ்க் கட்டத்தில். மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 30 நாள் அறிவிப்பு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள் விளம்பரம், வேலையிடத்தில் 10 வேலை நாள் ஒட்டுதல், தொழில்முறை வேலை என்றால் இன்னும் மூன்று வழி. அதாவது ஆள் ஏற்கெனவே பல வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அந்த நாற்காலிக்கு ஆள் தேடுகிறார்கள். சோதனையை வைத்த இடமே கோணல். இந்த விளம்பரங்களை யாரும் பார்க்காத மாதிரி, தபாலில் மட்டும் விண்ணப்பி என்று நடத்தியதாக எழுந்த குற்றச்சாட்டில்தான் ஃபேஸ்புக் 2021ல் 1.425 கோடி டாலர் வரையிலும், ஆப்பிள் 2023ல் 2.5 கோடி டாலர் வரையிலும் கொடுக்க அமெரிக்க நீதித் துறையோடு ஒப்பந்தம் செய்துகொண்டன.

கே.ஜி.எஃப். ரயில் | ஜனவரி 17

2026ல ஞாயித்துக்கிழமை பேப்பர் பார்த்து சாஃப்ட்வேர் வேலை தேடற ஒருத்தனைக் கண்டுபிடிச்சா, அவனை வேலைக்கு இல்ல, மியூசியத்துக்கு எடுக்கணும்.

சிவாஜிநகர் | ஜனவரி 19

ஃப்ரெஷர் பேச்சுல ஒண்ணு விட்டுப் போச்சு. அங்க படிச்சு முடிச்ச நம்ம பசங்க?

ஜெயநகர் நாலாவது பிளாக் | ஜனவரி 19

அமெரிக்கப் புதுப் பட்டதாரியின் நேர்ப் போட்டி அவர்கள்தான். ஓ.பி.டி. (படிப்பு முடித்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம், அறிவியல் தொழில்நுட்பப் பட்டத்துக்கு இன்னும் 24. அதற்கு எண்ணிக்கை வரம்பும் இல்லை, எல்.சி.ஏ.வும் இல்லை. மேலாக, மாணவர் விசாவில் முதல் ஐந்து ஆண்டுக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி கிடையாது, கம்பெனிக்கு 7.65 சதவீதம் மிச்சம். உள்ளூர்ப் பட்டதாரியை எடுத்தால் அந்த மிச்சம் இல்லை. ஒரு லட்சம் டாலர் கட்டணம் வெளியில் இருப்பவரைத் தடுத்து, உள்ளே இருக்கும் மாணவரின் மதிப்பை ஏற்றிவிட்டது. உள்ளூர்ப் பிள்ளைக்கு வேலை தர வேண்டும் என்பது நோக்கமென்றால் தொட்டிருக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒயிட்ஃபீல்ட் ஓரம் | ஜனவரி 21

ஸ்டாம்பிங்குக்கு வந்து மாட்டிக்கிட்டவங்க நிறையப் பேர் கேட்கறதால. 2025 செப்டம்பர் 2ல இருந்து டிராப்பாக்ஸ் (நேர்காணல் இல்லாம விசா புதுப்பிக்கறது) ஏறக்குறைய போச்சு, நேர்ல போகணும். 6ல இருந்து சொந்த நாட்டுலயோ வசிக்கற நாட்டுலயோதான். டிசம்பர் 15ல இருந்து சமூக ஊடகப் பரிசோதனை ஹெச்1பிக்கும், அவங்க குடும்பத்தோட ஹெச்4க்கும் வந்ததுல டிசம்பர் தேதி எல்லாம் மார்ச்சுக்கும் அதுக்கு அப்பாலயும் தள்ளிப் போச்சு. பெங்களூர்ல அமெரிக்கத் துணைத் தூதரகம் 2025 ஜனவரியில திறந்தாங்க, ஆனா விசா கொடுக்கறதில்லை; சென்னையோ ஹைதராபாத்தோ போகணும்.

மாட்டினவங்க இங்க இருந்து அமெரிக்க சம்பளத்துல வேலை பார்த்தா கம்பெனிக்கு இந்தியாவுல வரி கட்ட வேண்டிய நிலையான தொழிலிடம் உருவாச்சான்னு கேள்வி வரும். அதனால பல கம்பெனி இந்தியப் பேரோலுக்கு மாத்தும், இல்லைன்னா சம்பளமில்லா லீவ். நிதியாண்டுல 182 நாளைத் தொட்டா இங்க வரி வசிப்பாளர் ஆயிடுவீங்க. ஒரு நல்ல செய்தி, வெளிய இருந்த முழு நாட்களை ஆறு வருஷக் கணக்குல திரும்பக் கேட்கலாம். போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரை, ஐ-94 (அமெரிக்கா வந்து போன பதிவு) வரலாறு மூணையும் பத்திரமா வைங்க.

சிவாஜிநகர் | ஜனவரி 24

கடைசியா ஒண்ணு. மார்ச் பதிவுக்கு ஆஃபர் வெச்சிருக்கறவர் கம்பெனிகிட்ட என்ன கேட்கணும்?

அல்சூர் ஏரிக்கரை | ஜனவரி 25

எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம். எந்த வேலைக் குறியீடு, எந்த ஊர், அந்த ஊரில் உங்கள் சம்பளம் எந்த லெவலைத் தாண்டுகிறது. பதிவில் சொன்ன லெவலும் மனுவில் வரும் சம்பளமும் பொருந்தாவிட்டால் மனுவை நிராகரிக்கவோ ரத்து செய்யவோ அவர்களால் முடியும், எனவே "பதிவுக்கு மட்டும் லெவல் 3 போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒதுங்குங்கள். இந்தியாவில் இருந்தால் அந்த லட்சத்தை யார் கட்டுவது என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மனுத் தாக்கலுக்கு முன்பே கட்டி, ரசீது வைக்க வேண்டும். நீதிமன்றம் காப்பாற்றும் என்று நம்பிப் பதிய வேண்டாம்; டிசம்பர் 23 அன்று வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் கட்டணம் செல்லும் என்றது, மேல்முறையீடு போயிருக்கிறது. வேறு யாராவது உங்கள் பெயரில் பதிகிறார்களா என்றும் பாருங்கள், கீழ் லெவல் விதி நினைவிருக்கட்டும்.

கே.ஜி.எஃப். ரயில் | ஜனவரி 25

நடுவுல பாஸ்போர்ட் ரினியூ பண்ண வேண்டி வந்தா?

அல்சூர் ஏரிக்கரை | ஜனவரி 25

பதிவு பாஸ்போர்ட் எண்ணோடு கட்டியது. முடிந்தால் பிப்ரவரியிலேயே புதுப்பித்துவிட்டு, புது எண்ணில் பதியுங்கள். பதிவுக்குப் பிறகு மாறினால் மனுவோடு இரண்டு பாஸ்போர்ட் நகலும், ஏன் மாறியது என்ற விளக்கமும் போக வேண்டும். காலாவதி காரணம் என்றால் பொதுவாக ஏற்பார்கள். சேவா கேந்திராவில் பழையதை மூலை வெட்டித் திருப்பிக் கொடுப்பார்கள், வாங்காமல் வராதீர்கள்.